சராசரி சொல்லாத சங்கதி

பொங்கல் விழாப் பந்தியில் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டார்: "சார், புது டியூஷனில் சராசரி 76 மார்க்காம். என் பெண் படிக்கிற இடத்தில் 71தான். அங்கே ஃபீஸ் இரண்டு மடங்கு. மாற்றிவிடட்டுமா?"

நான் ரயில்வேயில் இருந்தபோது இதே அவசரத்தில் தப்புப் பண்ணியவன். இரண்டு இடத்துப் பிரேக் கட்டைகளில் நாலு நாலைப் பார்த்து, சராசரி குறைந்ததை மட்டம் என்று எழுதிவிட்டேன். பின்னால் நிறையப் போட்டுப் பார்த்ததில் இரண்டும் ஒன்றாகவே தேய்ந்தன. பாவம், கட்டை கொடுத்தவருக்கு நஷ்டம்.

சில மாதிரிகளை மட்டும் வைத்து எப்படித் தீர்மானிப்பது? டப்ளின் நகரில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் இதற்கு வழி கண்டார். 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் டி-சோதனை.

முதலில், 'நிஜத்தில் வித்தியாசமே இல்லை' என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த எண்ணம் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உதாரணமாக, புது இடத்தில் ஐந்து பிள்ளைகள்: 58, 70, 76, 84, 92. பழைய இடத்தில் 53, 65, 71, 79, 87. சராசரி 76, 71. ஒவ்வொரு மார்க்கும் சராசரியிலிருந்து விலகுவதை வர்க்கமாக்கிக் கூட்டி, 4-ஆல் வகுத்தால் இரு பக்கமும் 170. அதை 5-ஆல் வகுத்தால் 34. இரண்டையும் கூட்டினால் 68, வர்க்கமூலம் 8.25. இதுதான் திட்டப்பிழை. வித்தியாசமான 5-ஐ இதனால் வகுத்தால் 0.61.

இத்தனை பேருக்கு அட்டவணை சொல்லும் எல்லை 2.31. நிஜ வித்தியாசம் இல்லாவிட்டால், தற்செயலாக அதைத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். நம் 0.61 கிட்டவே வரவில்லை.

அதே சராசரிதான், ஆனால் மார்க்குகள் 74 முதல் 78, 69 முதல் 73 என்று ஒவ்வொன்றாக நெருங்கியிருந்தால்? திட்டப்பிழை 1, விடை 5. அப்போது வித்தியாசத்தை நம்பலாம்.

எல்லையைத் தாண்டாததால் இரண்டும் சமம் என்று ஆகிவிடாது. சொல்லப் போதிய சான்று இல்லை, அவ்வளவே. தாண்டினாலும், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார்களா என்பதைக் கணக்கு சொல்லாது. நாம்தான் விசாரிக்க வேண்டும்.

"சராசரியை விடுங்கள் அம்மா, ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கையும் கேளுங்கள்" என்றேன். கேட்டாராம், தர மறுத்துவிட்டார்களாம். பெண் பழைய இடத்திலேயே படிக்கிறாள்.