இடிக்க இருந்த வீட்டில் இலை போட்டு விருந்து... தெரியுமா?

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் செவிலிமேட்டில் ஒரு பழைய நெசவாளர் வீடு விலைக்கு வந்தால் முதல் கேள்வி என்ன தெரியுமா? "மனை எத்தனை சதுர அடி?" அவ்வளவுதான்! தேக்கு உத்தரம், திண்ணை, நாட்டு ஓடு, குழித்தறி போட்ட கூடம் எதுவும் கணக்கில் வராது. பழைய மரம் வாங்குபவர் வந்து நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போவார். மறுவாரமே ஜேசிபி வந்து நிற்கும்.

ஆனால், அதே மாதிரிக் கதவுக்குள் நுழையவும், அதே மாதிரி முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் கடல் கடந்து ஆட்கள் வருகிறார்கள். நம் தமிழ்நாட்டுக்கே வருகிறார்கள்! பாழடைந்த மாளிகை, கைவிட்ட கோட்டை, பழைய தபால் நிலையம், டச்சுக்காரன் கட்டிய ஆஸ்பத்திரி என எதையும் விட்டுவைக்காமல் விருந்து மண்டபமாகவும் சொகுசு விடுதியாகவும் மாற்றிக் காட்டியவர்களின் கதைகளைக் கேளுங்கள். மலைத்துப் போவீர்கள்!

மகளுக்காக ஒரு மாளிகை!

காரைக்குடி பக்கத்துக் கானாடுகாத்தானில் 'விசாலம்' என்று ஒரு விடுதி இருக்கிறது. ஒரு செட்டியார் தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு அது! ஆண்பிள்ளைகள் பேரில் மாளிகை எழும்பிய காலத்தில், பெண்ணின் பேரில் ஒரு மாளிகை. இன்று சிஜிஎச் எர்த் நிறுவனம் அதை விடுதியாக நடத்துகிறது. அருகே கடியாபட்டியில் நூறாண்டு தாண்டிய 'சிதம்பர விலாஸ்' மாளிகையைச் சங்கம் ஹோட்டல்ஸ் புதுப்பித்து விருந்தினருக்குத் திறந்திருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டை விடுதியாக்குவது ஏன் எளிது? ஏன் கஷ்டம்?

முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அவை. உள்முற்றமான வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை! ஆக, விடுதிக்கு வேண்டிய அறைகள் நூறு வருஷம் முன்பே தயார். ஆனால் அந்த மகன்களின் பேரன்கள், கொள்ளுப்பேரன்கள் அத்தனை பேரும் இன்று பங்காளிகள். எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டைக் குத்தகைக்கே விட முடியும்! குளியலறை இன்னொரு தலைவலி. அந்தக் காலத்தில் அறைக்குள் குளியலறை கிடையாது. தடித்த சுண்ணாம்புச் சுவரைச் சேதப்படுத்தாமல் குழாய் கொண்டுபோவதே தனிக் கலை.

ஆச்சியின் 'பங்களா'!

1990-களின் இறுதியில் காரைக்குடிக்கு யார் சுற்றுலா வந்தார்கள்? அந்த நேரத்தில், தம் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய கட்டடத்தை எடுத்து 'தி பங்களா' என்ற விடுதியாக்கினார் மீனாட்சி மெய்யப்பன் ஆச்சி. சமையற்காரர்கள் உள்ளூர்க்காரர்கள். சாப்பாடு வாழையிலையில். செட்டிநாட்டுச் சமையல் என்றால் வெறும் காரம் என்று நினைத்திருந்தவர்களுக்கு அதன் நுட்பத்தைப் புரியவைத்த சாப்பாட்டுக் கூடம் அது. அங்கே பரிமாறிய சமையல் 2014-இல் 'தி பங்களா டேபிள்' என்ற புத்தகமாகவே வந்துவிட்டது!

கண்ணாடி மேல் பிறக்கும் தரை!

இந்த மாளிகைகளின் தரை பளபளப்பதற்கு மெருகு இயந்திரம் காரணமே இல்லை. காரைக்குடி அருகே ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் உலோகச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கண்ணறையிலும் ஒரு வண்ணச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார் தொழிலாளி. அச்சை மெல்ல மேலே தூக்குகிறார். வண்ணம் ஒன்றோடு ஒன்று கலப்பதில்லை! மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன் மேல் கலவையைப் பரப்பி, கரணையால் சமன் செய்கிறார். காய்ந்து, தண்ணீரில் ஊறி எழுந்ததும் கண்ணாடியிலிருந்து கல் தானாகக் கழன்றுகொள்ளும். கண்ணாடியின் வழவழப்பு முழுக்க இப்போது கல்லின் முகத்தில்! பழைய வீடுகளைப் பழுதுபார்க்க ஆள் வந்ததால் இந்தப் பட்டறைகளுக்கும் வேலை வந்தது. விடுதி பிழைத்தால் தொழிலும் பிழைக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிரான்சிலிருந்து வந்து கோத்தமங்கலத்தில் குடியேறினார்கள்!

பெர்னார்ட் டிராகன், மிஷேல் அட்மென்ட் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் செட்டிநாட்டைப் பார்த்து மயங்கி, கோத்தமங்கலத்தின் 'சாரதா விலாஸ்' மாளிகையைச் செப்பனிட்டு விடுதியாக்கினார்கள். செட்டிநாட்டு மரபைக் காக்கும் முயற்சிகளிலும் முன்னால் நின்றார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பிடித்தன! நம் வீட்டின் அருமை நமக்குத் தெரிவதற்குள் ஏழு கடல் தாண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

கைவிட்ட கோட்டையில் தொடங்கிய புரட்சி!

ராஜஸ்தானின் நீம்ரானா கோட்டையை 1464-இல் கட்டத் தொடங்கினார்கள். பாழாய்க் கிடந்த அதை 1986-இல் அமன் நாத், பிரான்சிஸ் வாட்சியார்க் என்ற நண்பர்கள் இருவரும் கூட்டாளிகளுடன் வாங்கினார்கள். இடிபாட்டை அள்ளி, சுவரைத் தூக்கி நிறுத்தி, 1991-இல் விருந்தினருக்குத் திறந்தார்கள். அவர்களுடைய நீம்ரானா நிறுவனம் நம் பக்கமும் வந்தது. புதுச்சேரியில் 'ஓட்டல் தெ லோரியான்' 2000-இல் திறந்தது. தரங்கம்பாடியில் கடலைப் பார்த்து நிற்கும் பழைய பங்களாவும் விடுதியானது. 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை எழுப்பி, 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன ஊர் அது!

புதுச்சேரியில் திண்ணைக்கும் மதிப்பு!

பிரெஞ்சு வீதிகளைத்தான் எல்லாரும் படம் எடுப்பார்கள். தமிழர் தெருக்களிலும் தாழ்வாரம், திண்ணை, முற்றம் வைத்த வீடுகள் உண்டு. பெருமாள் கோயில் தெருவில் அப்படி ஒரு வீடு 'மேசான் பெருமாள்' விடுதியாக நிற்கிறது. வைசியாள் தெருவின் முகப்புகளைச் சீர்செய்த பணி 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது பெற்றது. மாளிகைக்கு விருது கிடைப்பது பெரிதில்லை. சாதாரணக் குடும்பங்கள் வாழ்ந்த ஒரு தெருவுக்கே கிடைத்திருக்கிறது, பாருங்கள்!

பரதம் ஆடியவர் கட்டிய விடுதி!

தஞ்சாவூரின் 'ஸ்வாத்மா' விடுதியை ஒரு பழைய மாளிகையிலிருந்து உருவாக்கியவர் கிருத்திகா சுப்ரமணியன். கட்டடக் கலைஞர், பரத நாட்டியக் கலைஞரும்கூட! பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிக்கொண்டிருந்த பயணியை ஊரிலேயே தங்கவைக்க ஒரு பழைய கட்டடம் போதுமாக இருந்திருக்கிறது.

ஒரே மேசையில் 101 பேர்!

ஹைதராபாத்தின் ஃபலக்நுமா அரண்மனையில் ஒரு சாப்பாட்டு மேசை உண்டு. ஒரே நேரத்தில் 101 பேர் உட்காரலாம்! 1884-இல் கட்டத் தொடங்கிய அரண்மனை. தாஜ் குழுமம் ஏறத்தாழ பத்தாண்டு பாடுபட்டுச் சீர்செய்து 2010-இல் விடுதியாகத் திறந்தது. ஒரு புதுக் கட்டடத்தை இரண்டு வருஷத்தில் எழுப்பிவிடலாம். பழையதை உயிர்ப்பிக்கத்தான் அத்தனை பொறுமை வேண்டும்.

டச்சு ஆஸ்பத்திரியில் நண்டு விருந்து!

கொழும்புக் கோட்டையில் 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். பிற்காலத்தில் அது பொலிஸ் நிலையமாகவும் இருந்தது. சீரமைத்த அந்தக் கட்டடத்தில் 2011-இல் சமையல் கலைஞர் தர்ஷன் முனிதாச 'மினிஸ்ட்ரி ஆஃப் கிராப்' உணவகத்தைத் தொடங்கினார். கூட்டாளிகள் யார் தெரியுமா? கிரிக்கெட் வீரர்கள் குமார் சங்கக்கார, மகேல ஜயவர்த்தன! அதே கொழும்பில், இலங்கை நாடாளுமன்றத்தை வடிவமைத்த ஜெஃப்ரி பாவாவின் அலுவலகம் 'கேலரி கஃபே'யாகி இன்றும் விருந்து பரிமாறுகிறது. சிங்கப்பூரில் 1928-இல் எழுந்த புல்லர்டன் கட்டடம் ஒரு காலத்தில் பெரிய தபால் நிலையம். 2001 முதல் அது ஐந்து நட்சத்திர ஓட்டல்!

அரசாங்கமே தனி வகை வைத்திருக்கிறது!

மத்திய சுற்றுலாத் துறை 'ஹெரிடேஜ் ஓட்டல்' என்று தனிச் சான்றே தருகிறது. 1950-க்கு முன் கட்டியதாக இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள், நம் தெருவில் எத்தனை வீடு தேறும்!

சரி, செவிலிமேட்டில் என்ன இருக்கிறது?

என்ன இல்லை! ராமானுஜர் நாள்தோறும் வரதராஜப் பெருமாளுக்குத் தீர்த்தம் எடுத்துச் சென்றதாகச் சொல்லும் சாலைக்கிணறு இங்கேதான். லட்சுமி நரசிம்மர் கோயில் இங்கே. பக்கத்தில் பாலாறு. காலையில் தெருவிலேயே பாவு நீட்டிக் கட்டும் ஊர் இது. தறி நீளத்துக்கு ஏற்பக் கூடம் வைத்துக் கட்டிய வீடுகள் இவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என இரண்டு பேர் தறியின் இரு பக்கம் இருந்து நெய்யும் கோர்வைப் புடவை எங்கள் கை வேலை. சாப்பாட்டுக்கு? மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகும் கோயில் இட்லி காஞ்சியில் இல்லாமல் வேறு எங்கே?

காஞ்சி நகரிலேயே 'காஞ்சி குடில்' என்ற பழைய வீட்டை, அந்தக் காலத்து வாழ்க்கையைக் காட்டும் இல்லமாகத் திறந்து வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் தேடி வந்து பார்த்தார்கள். அப்படி ஒன்று செவிலிமேட்டில் வரக் கூடாதா?

வரலாம், வர வேண்டும்! ஆனால் முறையாக வர வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் உள்ளே உளுத்துவிடும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே மருந்து. தறியைக் காட்சிப் பொருளாக்கி ஓரமாக நிறுத்தக் கூடாது. நெசவாளருக்கு நியாயமான கூலியோடு அது ஓட வேண்டும். வீட்டுக்காரர் பேர் பத்திரத்தில் அப்படியே இருந்து, வாடகையும் லாபப் பங்கும் அவருக்குப் போக வேண்டும். அடுப்படியில் எங்கள் தெருப் பெண்கள் சமைக்க வேண்டும், ஆச்சி வீட்டில் காரைக்குடிக்காரர்கள் சமைப்பது போல.

செட்டிநாடு, தஞ்சாவூர், புதுச்சேரி, கொழும்பு எல்லாம் காட்டுவது ஒன்றுதான். அடுப்பு எரிந்து ஆள் நடமாடினால் பழைய வீடு நிற்கும், பூட்டிப் போட்டால் விழும். உங்கள் பாட்டனார் கட்டிய வீட்டை விலை பேச யாராவது வந்தால், சதுர அடி சொல்வதற்கு முன் ஒரு தடவை அந்த உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். மரபுக் கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பங்காளிகளை உட்காரவைத்துப் பேசுங்கள். இடிக்க ஒரு நாள் போதும். அதே வீட்டைத் திரும்பக் கட்ட எவராலும் முடியாது!