வணிகரின் ஓய்வுநேரமும் ‘கப்ன்’ என்னும் சொல்லும்

கடைத்தெருவில் எதிர்பாராமல் வேலை நின்றுபோகும் நேரங்கள் உண்டு. மழை பிடித்துக்கொள்கிறது, வாங்குவோர் வரவில்லை. சரக்கு ஏற்றிய லாரி வழியில் நின்றுவிடுகிறது. மின்தடையால் அச்சகமும் தையற்கடையும் ஓய்ந்துபோகின்றன. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கின்போது பல கடைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. மாதச் சம்பளம் பெறுவோர்க்கு ஓய்வாக அமையும் இத்தகைய நேரம், சிறுவணிகருக்கு வாடகையும் ஆள்கூலியும் ஏறிக்கொண்டே போகும் நேரமாகும். இதனை நம் மரபு எவ்வாறு நோக்குகிறது என்பது சிந்திக்கத் தக்கது.

ஸஹீஹுல் புகாரியின் ‘கிதாபுர் ரிகாக்’ என்னும் பகுதி, இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிக்கும் ஒரு நபிமொழியுடன் தொடங்குகிறது. உடல்நலம், ஓய்வு என்னும் இரு அருட்கொடைகளிலும் மக்களுள் பலர் ‘மக்பூன்’களாக இருக்கின்றனர் என்பது அதன் கருத்து. இச்சொல்லை ‘நட்டமடைந்தவர்’ என்று பொதுவாக மொழிபெயர்ப்பர். ஆனால் இது அங்காடியில் வழங்கும் சொல். ‘கப்ன்’ என்பது விலையில் நேரும் ஏமாற்றம். பெறுமானத்திற்கு மேல் கொடுத்து வாங்கியவரும் மக்பூன். பெறுமானத்திற்குக் கீழே விற்றவரும் மக்பூன். பேரம் முடியும்வரை அவர் தம் இழப்பை அறிவதில்லை. ஓய்வை இழப்பவரின் நிலையும் இதுவே.

ஃபிக்ஹு அறிஞர்கள் கப்னை இரண்டாகப் பகுத்தனர். மதிப்பீட்டாளர்களின் கணிப்புக்குள் அடங்கும் சிறு வேறுபாடு ‘கப்ன் யஸீர்’. அதனை மீறியது ‘கப்ன் ஃபாஹிஷ்’. உதுமானியப் பேரரசில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொகுக்கப்பட்ட ‘அல்மஜல்லா’ என்னும் சட்டநூல், தன் 165ஆம் விதியில் இதற்கு அளவும் கூறுகிறது: சரக்குகளில் இருபதில் ஒரு பங்கு, கால்நடைகளில் பத்தில் ஒரு பங்கு, அசையாச் சொத்துகளில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து மணிநேரம் கடை திறந்திருப்பவருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது அரைமணி நேரம். இது ஒப்புமையே அன்றிச் சட்டமன்று. எனினும், வீணான அரைமணி நேரத்தைச் சிறிதென எண்ணும் வழக்கத்தை இக்கணக்கு அசைக்கிறது.

‘வியாபாரமின்றிக் கலங்கி இருப்பவனுக்கு ஓய்வு எவ்வாறு அருட்கொடையாகும்?’ என்று வணிகர் வினவலாம். நியாயமான வினாவே. நபிமொழியில் ஓய்வைக் குறிக்கும் ‘ஃபராக்’ என்னும் சொல்லின் வேரிலிருந்தே, அல்குர்ஆன் 28:10இல் மூஸா (அலை) அவர்களின் தாயாரது உள்ளத்தைக் குறிக்கும் சொல்லும் வருகிறது. குழந்தையை ஆற்றில் விட்டபின் அவருள்ளம் ‘ஃபாரிக்’ ஆயிற்று. அக்குழந்தையின் நினைவன்றி வேறெதுவும் அதில் இல்லை என விரிவுரையாளர்கள் விளக்குவர். உண்மையை வெளியிட்டுவிடும் நிலைக்கே அவர் வந்துவிட்டார். இறைவன் அவருள்ளத்தை உறுதிப்படுத்தினான். அடுத்த வசனத்தில் அவர் செய்தது சிறியதொரு செயல்: குழந்தையைப் பின்தொடருமாறு தம் மகளை அனுப்பினார். கலக்கத்திலும் கைக்கெட்டிய ஒன்றைச் செய்வதற்கு இது முன்மாதிரி. கல்லாப்பெட்டி வெறுமையாக இருக்கும்போது உள்ளம் பதறித் தண்டலுக்கும் வட்டிக்கும் ஓடுவது எளிது. அந்த ஒருமணி நேரத்தில் கைக்கெட்டிய வேலையைத் தேடுவது அப்பதற்றத்தைத் தணிக்கும்.

அவ்வேலைகளுள் முதலாவது கணக்கு. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாதென அது பணிக்கிறது. கைக்குக் கை முடியும் வணிகத்திற்கு விலக்கும் அளிக்கிறது. கூட்டம் நெருக்கும் வேளையில் துண்டுத்தாளிலும் நினைவிலும் நிற்கும் பற்றுகளைப் பேரேட்டில் ஏற்ற ஓய்வுநேரமே ஏற்றது. அப்போது, நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு அவகாசம் அளிக்கச் சொல்லும் 2:280ஆம் வசனத்தையும் நினைவிற் கொள்ளலாம். இருப்பெடுத்து ஸகாத்துக் கணக்கைச் சீர்செய்தல், தராசின் முத்திரைக் காலம் முடிந்துவிட்டதா எனப் பார்த்தல் ஆகியனவும் இவ்வகையினவே. இவை வணிக வேலைகள்; அதேவேளை பிறர் உரிமையைக் காக்கும் வணக்கங்களுமாம்.

இரண்டாவது, முன்னேற்பாடு. ஹிஜ்ரீ 597இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்), வெறும் பேச்சுக்காக வருவோரால் தம் நேரம் கழிவதை ‘ஸைதுல் காதிர்’ நூலில் குறிப்பிடுகிறார். அவர்களை விலக்கினால் மனம் புண்படும். ஆகவே தாள் வெட்டுதல், எழுதுகோல் சீவுதல், ஏடுகளைக் கட்டுதல் போன்ற சிந்தனை வேண்டாத பணிகளை அந்நேரத்திற்கென ஒதுக்கிவைத்தார். கடைத்திண்ணையில் வந்தமரும் நண்பரை விரட்ட இயலாத வணிகருக்கு இது நல்ல வழி. பொட்டலம் கட்டுதலும் விலைச்சீட்டு ஒட்டுதலும் அத்தகைய வேளைக்கெனக் காத்திருக்கட்டும்.

மூன்றாவது, கல்வி. அங்காடி வணிகம் தம்மை நபிகளாரின் சில செய்திகளிலிருந்து திசைதிருப்பிவிட்டதாக உமர் (ரழி) வருந்தியதுண்டு. அவர்களே, அன்சாரித் தோழர் ஒருவருடன் முறைவைத்து, ஒருநாள் இவரும் மறுநாள் அவருமாக நபிகளாரின் அவைக்குச் சென்று, கேட்டதை ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அடுத்தடுத்த கடைக்காரர் இருவர் இம்முறையை இன்றும் கையாளலாம். ஒருவர் படித்ததை மற்றவரிடம் சொல்ல, அரட்டை பாடமாகிவிடும்.

களைத்த உடலுக்குச் சற்று உறக்கமும் உரிமையே. அதனை வீண் என்று எவரும் கொள்ளார்.

அல்மஜல்லாவின்படி, மறுதரப்பின் வஞ்சனையால் கப்ன் ஃபாஹிஷுக்கு ஆளானவர் அப்பேரத்தை முறித்துக்கொள்ளலாம். நாம் நேரத்தை மலிவாக விற்ற பேரத்தில் வஞ்சித்தவரும் நாமே. அதனை முறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஓய்வின் பெறுமானத்தை அது கையில் இருக்கும்போதே அறியும் அறிவை இறைவன் நமக்கு அருள்வானாக.