அந்த ஒரு டம்ளர் எண்ணெய்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் சின்ன காருக்கு வீட்டு வாசலில் வைத்து நானே ஆயில் மாற்றுகிறேன். டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி, எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருப்பதெல்லாம் சொட்டி நிற்கும்வரை காத்திருக்கிறேன். அதற்குப் பிறகும் ஃபில்டரைத் திருகியதும் எண்ணெய் கொட்டி முழங்கைவரை வழிகிறது. இது எங்கே ஒளிந்திருந்தது?" கடிதத்தின் வாலில், கை அழுக்காகாமல் ஃபில்டர் கழற்றும் கருவி என்று இணையத்தில் விற்கிறார்களே, வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

வால் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். வேண்டாம். அந்தக் காசை இரண்டு ஜாக்கி ஸ்டாண்டுக்குச் சேர்த்து வையுங்கள். சின்ன கார்களின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருப்பதில்லை. ஆல்ட்டோவுக்கு 160 மில்லிமீட்டர்தான். எனவே தூக்கித்தான் ஆக வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுப்பவருக்கு எண்ணெய்க் கறை ஒரு பொருட்டே இல்லை.

முதல் கேள்விதான் ருசியானது. ஃபில்டர் என்பது ஒரு தகர டப்பா. அதன் அடித்தட்டின் நடுவில் மரை போட்ட பெரிய துளை, அதைச் சுற்றி வட்டமாகச் சின்னத் துளைகள். பம்ப் தள்ளும் எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நுழைந்து, மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தைத் தாண்டி, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குப் போகிறது. இதுவரை புதிதாக எதுவும் இல்லை. சின்னத் துளைகளுக்கு உட்புறம் ஒரு ரப்பர் வட்டம் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதே, விஷயம் அங்கேதான். எண்ணெய் உள்ளே வரும்போது அந்த ரப்பர் வளைந்து வழிவிடும். எஞ்சினை நிறுத்தியதும் படிந்து துளைகளை மூடிவிடும். உள்ளே வந்த எண்ணெய் வந்த வழியே திரும்பிப் போக முடியாது.

எதற்கு இந்த ஏற்பாடு? பல கார்களில் ஃபில்டர் பக்கவாட்டில் படுத்திருக்கும். ரப்பர் இல்லாவிட்டால் இரவோடு இரவாக எண்ணெய் பம்ப் வழியாகச் சம்ப்புக்கு இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் பம்ப் முதலில் காலி டப்பாவை நிரப்ப வேண்டும். அதுவரை பேரிங்குகளுக்கு நேற்றைய ஈரம்தான். விலை குறைந்த ஃபில்டர் போட்ட சில வண்டிகள் காலையில் முதல் ஓரிரு நொடி கடகடப்பது இதனால்கூட இருக்கலாம். ரப்பர் சூட்டில் விறைத்து, படிய மறுத்திருக்கும்.

ரப்பர் அந்தப் பக்கத்தை மூடியது. நடுத்துளைப் பக்கம் திறந்துதானே இருக்கிறது, அங்கிருந்து ஏன் எண்ணெய் இறங்கவில்லை? நம் வீட்டு பித்தளை காப்பி ஃபில்டரைப் பாருங்கள். மேல் பாத்திரத்தைக் கீழ்ப் பாத்திரத்தோடு அழுத்திச் செருகிவிட்டால் டிகாக்‌ஷன் இறங்காது. கீழே மாட்டிக்கொண்ட காற்றுக்கு வெளியேற வழி இல்லை. லேசாகத் தூக்கி வைத்தால் சொட்ட ஆரம்பிக்கும். திரவம் இறங்க வேண்டுமானால் காற்று இடம் மாறியாக வேண்டும். காரில் காற்று வெளியேறுவதற்குப் பதில் உள்ளே நுழைய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். ரப்பர் ஒரு பக்கம், டப்பா எஞ்சினைத் தொடும் ஓரத்தில் காற்றுப் புகாத கேஸ்கட் வளையம் மறுபக்கம். எனவே சம்ப் காலியானாலும் ஃபில்டர் நிறைந்தே இருக்கிறது. ஆறரை சென்டிமீட்டர் குறுக்களவு, ஏழு சென்டிமீட்டர் உயரம் கொண்ட டப்பாவின் கொள்ளளவு சுமார் 230 மில்லிலிட்டர். காகிதத்துக்கும் தகரத்துக்கும் இடம் போக ஒரு டம்ளர் எண்ணெய் தேறும். அதற்கு மேலே உள்ள பாதைகளில் தொங்கிக்கொண்டிருப்பது தனிக் கணக்கு. நீங்கள் ஃபில்டரைத் திருகி கேஸ்கட் பிடி விட்ட நொடியில் காற்று புகுகிறது. எல்லாம் சேர்ந்து இறங்குகிறது. அப்போது அங்கே இருப்பது உங்கள் கை.

காப்பி ஃபில்டரை இன்னும் கொஞ்சம் கசக்கலாம். டிகாக்‌ஷனைத் தெளிய வைப்பது துளைத்தட்டு மட்டுமல்ல, படிந்திருக்கும் பொடியும்தான். கார் ஃபில்டரிலும் பிடிபட்ட அழுக்கு அடுத்த அழுக்கைப் பிடிக்க உதவுகிறது. கொஞ்சம் ஓடிய ஃபில்டர் புதியதைவிடப் பொடித்துகளை நன்றாகவே பிடிக்கும். சரி, டிகாக்‌ஷன் இறங்கவே இல்லை, கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருக்கிறார் என்றால்? அலமாரியிலிருந்து இன்ஸ்டன்ட் பொடி வெளியே வரும். காரிலும் அதற்கு ஒரு வால்வு உண்டு. காகிதம் அடைத்துக்கொண்டு, இரு பக்க அழுத்த வித்தியாசம் சுமார் 1 பார் ஆனதும் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேராக எஞ்சினுக்கு விடும். அழுக்கு எண்ணெய் கேவலம்தான், எண்ணெயே இல்லாமல் ஓடுவது அதைவிடக் கேவலம். 2015 வெள்ளத்தில் கடலூரில் மூழ்கிய வண்டிகளைத் திறந்து பார்த்த மெக்கானிக்குகளுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். தண்ணீர் கலந்த எஞ்சின் ஆயில் சுத்தமான பால் காப்பி நிறத்தில் இருக்கும். ஈரத்தில் காகிதம் ஊதி அடைத்துக்கொள்ளும்.

ஆனால் கருப்பு விஷயத்தில் உவமை உடைகிறது. காப்பியில் நமக்கு வேண்டியதே அந்தக் கருப்பு. காரில் வேண்டாம், ஆனாலும் ஃபில்டர் அதைப் பிடிப்பதில்லை. எண்ணெயைக் கருப்பாக்கும் புகைக்கரி ஒரு மைக்ரானுக்கும் சிறியது, காகிதத்தை ஊடுருவிப் போய்விடும். "எண்ணெய் கருத்துவிட்டது, ஃபில்டர் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம்.

இனி வாசகரின் முழங்கை. எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, கால் மணி நேரம் ஆறவிடுங்கள். 5டபிள்யூ-30 எண்ணெய் 40 டிகிரியில் இருப்பதைவிட 100 டிகிரியில் சுமார் ஆறு மடங்கு இளகும். வெதுவெதுப்பாக இருந்தாலே போதும், பாதி வேலை முடிந்தது. சில கார்களில் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே சைலன்சர் குழாய் இருக்கும், கை பத்திரம். சம்ப் வடிந்ததும் ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்துங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். கேஸ்கட்டின் ஓரத்தில் காற்று புகும் அளவுக்கு வழி கிடைத்தால் போதும், எண்ணெய் மெல்லிய கோடாக, கீழ் ஓரத்தில் ஒரே இடத்தில் இறங்கும். இரண்டு லிட்டர் பாட்டிலைச் சாய்வாக வெட்டி அங்கே ஏந்துங்கள். கோடு சொட்டானதும் தடித்த பாலிதீன் பையை ஃபில்டர்மேல் மாட்டி, பைக்குள்ளேயே திருகி எடுங்கள். மிச்சம் பைக்குள் விழும். துடைக்கக் கொஞ்சம் பனியன் வேஸ்ட். கருவி இவ்வளவே.

கை வைத்தால் அசையாத ஃபில்டரில் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே குத்தி நெம்புவது ஒர்க்‌ஷாப் வழக்கம். பலத்துக்காகக் குத்துகிறார்கள். அதே ஸ்க்ரூடிரைவரைக் காற்றுக்காகக் குத்தலாம். படுத்திருக்கும் ஃபில்டரின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பத்து நிமிடம் விட்டால், நடுக்குழாய் மட்டத்துக்கு மேலே இருக்கும் எண்ணெய் காகிதத்தைத் தாண்டி எஞ்சினுக்குள் இறங்கி, பேரிங்குகள் வழியாகச் சம்ப்புக்குப் போய்விடும். கீழ்ப்பாதி மட்டும் தங்கும். ஒரு டம்ளர் அரை டம்ளராகும். குத்துவதற்கு முன் புது ஃபில்டர் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்திய பிறகு கடைக்கு வண்டியில் போக முடியாது.

புதியதைப் பூட்டுவதில் ஒரு சின்னக் கணக்கு. பழைய கேஸ்கட் எஞ்சின் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் உரித்துவிடுங்கள். இரட்டைக் கேஸ்கட் நிற்காது, பிய்த்துக்கொண்டு போகும். புதுக் கேஸ்கட்டில் விரலால் எண்ணெய் தடவி, அது முகத்தைத் தொடும்வரை திருகி, அதற்குமேல் முக்கால் சுற்று, கையால். ஏன் முக்கால்? பல ஜப்பானிய வழிக் கார்களில் மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். முக்கால் சுற்று என்றால் ரப்பர் 1.1 மில்லிமீட்டர் நசுங்கும். அந்த நசுங்கல் எதைத் தாங்குகிறது தெரியுமா? ஆறு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கேஸ்கட்டின் உள்பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். 4 பார் எண்ணெய் அழுத்தத்தில் ஃபில்டரை எஞ்சினிலிருந்து பிய்க்கப் பார்க்கும் விசை 115 கிலோ. அதை ஒரு மில்லிமீட்டர் ரப்பரும் சில மரைகளும் அலட்டாமல் சமாளிக்கின்றன. ரென்ச்சால் இறுக்கினால் இன்னும் பத்திரம் என்று நினைப்பவருக்கு அடுத்த முறை அந்த ஸ்க்ரூடிரைவர் தேவைப்படும்.

வரலாறு கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. 1920களுக்கு முன் கார்களில் கம்பி வலைக்கு மேல் எதுவும் இல்லை. 1923-ல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லேண்ட் எண்ணெய் ஃபில்டரைக் கொண்டுவந்தார். தொடக்கத்தில் எண்ணெயின் ஒரு பகுதிதான் அதன் வழியே போகும். திருகிப் பூட்டும் டப்பா 1954-ல் வந்தது. நம் ஊர் அம்பாசிடரில் கிண்ணத்தைக் கழற்றி உள்ளே எலிமென்ட்டை மட்டும் மாற்றுவார்கள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்குப் பிறகு டப்பா வீட்டுச் சாமானாகிவிட்டது. இப்போது சில புதுக் கார்களில் அந்தப் பழைய கிண்ணமே பிளாஸ்டிக் மூடி போட்டுக்கொண்டு, நவீனம் என்ற பெயரில் திரும்பியிருக்கிறது.

ஃபில்டர் அட்டைப்பெட்டியில் "20 மைக்ரான்" என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதற்கு அர்த்தம் இல்லை. எத்தனை சதவீதம், எந்தச் சோதனையில் என்பதும் வேண்டும். அதற்கென்றே ஐஎஸ்ஓ 4548-12 என்ற சோதனை இருக்கிறது. காந்த ஃபில்டர், நானோ சேர்மானம், எஞ்சின் ஃப்ளஷ் வகையறாக்களைப் பற்றி என் கருத்து எளிது: கார் கம்பெனியின் கையேட்டில் அவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய் மாற்றும் கெடுவும் அதே கையேட்டில்தான்: மாருதி பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அது. கடலூர்–சிதம்பரம் சாலையில் தினமும் போய்வருபவருக்குக் கிலோமீட்டர் முதலில் வரும். சிதம்பரம் மேலவீதியில் காய்கறி வாங்க மட்டும் வண்டி எடுப்பவருக்கு வருடம் முதலில் வரும். அவருடைய எண்ணெய் நன்றாகச் சூடேறுவதே இல்லை, உள்ளே சேரும் ஈரம் ஆவியாவதும் இல்லை. ஆகவே ஓடவே இல்லையே என்று அவர் தள்ளிப்போடக் கூடாது.

வடித்த எண்ணெயை என்ன செய்வது? ஒரு லிட்டர் பத்து லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கும் என்று ஒரு கணக்கு சுற்றுகிறது. எந்த அளவுக்குக் கெடும் என்று சொல்லாத கணக்கு அது. நானே போட்டுப் பார்த்தது இது: தண்ணீர்மேல் வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிமன் 0.3 மைக்ரானிலிருந்து தொடங்குகிறது. அந்தத் தடிமனில் நம் ஒரு டம்ளர், அதாவது 150 மில்லிலிட்டர் எண்ணெய் 500 சதுர மீட்டர் பரவும். நம் கணக்கில் பன்னிரண்டு சென்ட் மனை. கடலூரின் கெடிலமும் சிதம்பரத்தை ஒட்டிய வாய்க்கால்களும் கடலுக்கும் கழிமுகத்துக்கும் எவ்வளவு பக்கம் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2016 விதிகளின்படி இந்தக் கழிவு ஆயில் அபாயக் கழிவு. 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். பழைய ஃபில்டரை ஓட்டை போட்டு ஒரு ராத்திரி கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் சேர்த்து கேனில் ஊற்றி, டிரம் வைத்துச் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். பக்கத்தில் வீடு கட்டுபவர் சென்ட்ரிங் பலகைக்குப் பூச அதைக் கேட்பார். கொடுக்க வேண்டாம், பலகையிலிருந்து முதல் மழைக்கே மண்ணுக்குப் போய்விடும்.