மாத்திரையும் ஒரு போதையா?

"குடியைத்தான் விட்டாச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? அதுவும் போதைதானே!" குடியோடு மனநோயும் உள்ளவர்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நம்பி மாத்திரையை நிறுத்தினால் வந்தது வினை! நோய் திரும்பலாம், பின்னாலேயே குடியும் வரலாம்.

குடிநோயாளிக்குக் குடிநோயாளியே துணை என்ற வழி 1935-ல், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பிறந்தது. பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் இருவரும் ஆரம்பித்த 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்கள் இன்று நம்மூரிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது. 'நானும் இப்படித்தான் இருந்தேன்' என்று ஒருவர் சொன்னாலே பாதி வெட்கம் போய்விடும்.

ஆனால், 'காதில் குரல் கேட்குது' என்று அங்கே சொல்லச் சிலருக்குத் தயக்கம். அவர்களுக்காகவே 1989-ல் நியூயார்க்கில் 'டபுள் டிரபிள் இன் ரெகவரி' தொடங்கியது. அங்கே குடி, மனநோய் இரண்டையும் மனம் விட்டுப் பேசலாம். மருந்தின் பக்கவிளைவை எப்படிச் சமாளித்தோம் என்று அனுபவப்பட்டவர்களே சொல்வார்கள்.

மனச்சிதைவு, மனச்சோர்வுக்கான மருந்துகள் போதை தருபவை அல்ல. சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகலாம். எவை என்று டாக்டரிடமே கேளுங்கள்.

வீட்டார் கவனத்துக்கு:

* மனநல மருத்துவரிடம் குடிப்பழக்கத்தை மறைக்காதீர்கள்.

* தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டர் மேற்பார்வை அவசியம்.

* கூட்டத்துக்குப் போவதால் சிகிச்சையை விட்டுவிடக் கூடாது. இரண்டும் வேண்டும்.

* உங்களுக்கும் ஆறுதல் தேவை. குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்கள் உண்டு. அவசரத்துக்கு அரசின் 'டெலி மானஸ்' இலவச எண்: 14416.