பைல் இளைத்தது! பில் குறைந்தது!

"மாட்" என்றதும் மாடு என்று நினைத்துவிடாதீர்கள். இது புல் தின்னாது. ஆனால் பணத்தைத் தின்னும்!

"பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா" என்று ஒரு செல்போன் விளையாட்டு இருக்கிறது. 2017-ம் ஆண்டு வந்தது. அதில் இந்தோனேசியா பஸ்தான் ஓடும். நம் ஊர் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? தமிழ்நாட்டு பஸ்சை வரைந்து அதில் ஓட விட்டுவிட்டார்கள்! இப்படி, விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றத்துக்குத்தான் "மாட்" என்று பெயர்.

யாருக்குச் செலவு?

ஆவடியில் ஒரு வாலிபர் ஒரு மாட் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடை 600 மெகாபைட். எல்லோருக்கும் இலவசம். 1,000 பேர் இறக்கிக்கொள்கிறார்கள். மொத்தம் 600 ஜிகாபைட்!

அந்த பைலை வைக்க இடம் வேண்டும். இறங்கும் அளவுக்குப் பணம் வாங்கும் கம்பெனியானால், கூட்டம் பெருகப் பெருக பில்லும் பெருகும். பெயர் வாங்கியவர், பில் கட்ட முடியாமல் மாட்டையே எடுத்துவிட நேரும்.

வாடகை ஏன்? அம்பத்தூருக்கு வந்து பாருங்கள். 1964-ல் பிறந்த தொழிற்பேட்டையில் இப்போது "டேட்டா சென்டர்" என்ற தகவல் கிடங்குகள் எழும்பி இருக்கின்றன. 2024 ஜனவரியில் அங்கே திறக்கப்பட்ட ஒரு கிடங்கு 20 மெகாவாட் வரை மின்சாரம் தாங்கும். உள்ளே இரவு பகலாக இயந்திரங்கள் ஓடுகின்றன. அவை சூடேறாமல் குளிரூட்ட வேண்டும். இப்படிப்பட்ட கிடங்குகளில்தான் உலகத்து பைல்கள் எல்லாம் குடியிருக்கின்றன. குடியிருந்தால் வாடகை உண்டுதானே?

இளைக்க வைக்கும் வழி

முதல் எதிரி படம். பஸ்சுக்குப் பூசும் வண்ணப் படம் 4,096 புள்ளி நீளம், 4,096 புள்ளி அகலம் என்றால், சுருக்காதபோது எடை 64 மெகாபைட். நீள அகலத்தைப் பாதியாக்குங்கள். எடை 16 ஆகிவிடும். செல்போன் திரையில் வித்தியாசம் தெரிவது அபூர்வம்.

அடுத்தது சத்தம். சுருக்காத ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். "ஆக்" முறையில் சுருக்கினால் சுமார் 1 மெகாபைட். ஹாரன் அதே ஹாரன்தான்!

மூன்றாவது, திருத்தம். ஒரு விளக்கை மாற்றியதற்காக பஸ் முழுவதையும் மறுபடி அனுப்ப வேண்டாம். மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதும்.

கோலம் சொன்ன பாடம்

2004-ல் ஜெர்மனி வாலிபர்கள் ".கிரீகர்" என்ற துப்பாக்கி விளையாட்டைச் செய்தார்கள். சுவர், தரை, பூதம் எல்லாம் உண்டு. எடை 96 கிலோபைட்டுக்குள் அடக்கம்! மாயமா? இல்லை. படத்தை வைக்காமல், படம் போடும் முறையை மட்டும் வைத்தார்கள். கோலத்தைப் போட்டோ எடுத்து அனுப்புவது ஒரு வழி. "7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4 வரை" என்று சொல்லி அனுப்புவது இன்னொரு வழி. அவர்கள் செய்தது இரண்டாவது வழி.

நமது ஆவடி வாலிபரும் 600-ஐ 60 ஆக்கினால், 1,000 பேர் இறக்கினாலும் 60 ஜிகாபைட்தான். பத்தில் ஒரு பங்கு!

லாபம் அவருக்கு மட்டுமா? நாளைக்கு 1 ஜிகாபைட் என்று கணக்குப் பார்த்து செல்போன் வைத்திருக்கும் வீட்டுப் பையனுக்கும் லாபம். அவன் பஸ் ஓட்டிய பிறகும், அம்மா படம் பார்க்க மீதி இருக்கும்!