காட்டுப்பன்றிக்கு நாட்டுத் துப்பாக்கியா?

கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு பருக்கத் தொடங்கியதும் காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கிவிடுகின்றன. ஒரே இரவில் வயலைக் கிளறிப் போட்டுவிடும். மலிவாக ஒரு நாட்டுத் துப்பாக்கி வாங்கினால் என்ன என்ற பேச்சு வெள்ளிமலைப் பக்கம் அப்போதுதான் எழும்.

குழலின் வாய் வழியே கரிமருந்தையும் குண்டையும் போட்டு, கம்பியால் இடித்துச் சுடுவது இது. தண்ணீர்க் குழாயை அறுத்துச் செய்த குழலில் மருந்து கூடிப்போனால் குழலே வெடிக்கும். போவது சுடுபவரின் கண்ணும் விரலும்தான்.

உரிமம் பெற வழி உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கு இவ்வகைத் துப்பாக்கிக்கு இடம் தருகிறது. மாவட்ட ஆட்சியரிடம் மனுச் செய்யலாம். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று, அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான்; பன்றியைச் சுட அல்ல. அதற்கு 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வனத்துறையின் தனி அனுமதி வேண்டும். உரிமமில்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தாலே 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. மலிவு என்று வாங்கியது வழக்குச் செலவில் நிலத்தையே அடகு வைக்கச் செய்யும்.

காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவர் என 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவர், 1 கி.மீ.க்குள் சுடவோ பிடிக்கவோ அனுமதி இல்லை. காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கும் மலைக்காரருக்கு இது பெரிதாக உதவாது.

சேதமான அன்றே படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் காட்டி, வனச்சரக அலுவலகத்தில் இழப்பீட்டு மனுக் கொடுக்கலாம். சூரியசக்தி வேலிக்கு வேளாண் பொறியியல் துறையில் மானியம் பற்றிக் கேட்கலாம். கம்பத்து மின்சாரத்தை மட்டும் வேலியில் இழுக்க வேண்டாம். முதலில் சாவது வீட்டு ஆளாக இருக்கும்.