கல்யாணம் பண்ணிப் பார்... முதல்ல இடத்தைப் போய்ப் பார்!

''டேய், காலேஜ்ல சும்மாதானே இருக்கே... என் கல்யாணத்துக்கு இடம் பார்த்துக் குடுடா!''

பெங்களூர்ல இருந்து அக்கா போன்ல சொன்னப்போ எனக்குத் தலைகால் புரியலை. பின்னே? வாசல்ல பன்னீர் தெளிக்கிறது, பந்தியில தண்ணி ஊத்துறது... நம்மள மாதிரி பசங்களுக்குக் கல்யாண வீட்ல இதானே போஸ்ட்டிங்! இந்தத் தடவை டைரக்டர் சீட்!

அக்காவுக்குக் கடற்கரையில தாலி கட்டிக்கணும்னு ஆசை. அப்பாவுக்கு பி.எஃப். பணத்தைப் பத்திக் கவலை. எனக்கோ ஓசியில ரெண்டு ட்ரிப் அடிக்கணும். அலைஞ்சு திரிஞ்சு நான் கத்துக்கிட்டதைச் சொல்றேன். வீட்ல அண்ணன், அக்கா இருக்கறவங்க பத்திரமா வெச்சுக்கோங்க பாஸ்!

ரெண்டு கோவளம்... ஒரே சூரியன்!

அக்கா ஒரு வீடியோ அனுப்பினா. கடல்ல சூரியன் மறையுது, ஜோடி மாலை மாத்திக்குது. ''மாமல்லபுரத்துல இதே மாதிரி ரிசப்ஷன்!'' மேடம், நீங்க இன்ஜினீயர்! கிழக்குக் கடற்கரையில சூரியன் கடல்ல உதிக்கும். மறையறது ஊர்ப் பக்கம். அந்த சீன் வேணும்னா சென்னை பக்கத்துக் கோவளம் செட் ஆகாது, கேரளாவுல இருக்கிற கோவளத்துக்குத்தான் போகணும். ஆனா, காலையில முகூர்த்தம் வைக்கிற நமக்குக் கிழக்குதான் லக்கி. ஆக, முதல் பாடம்... போட்டோவைப் பார்த்து மயங்காதீங்க, திசையைப் பாருங்க.

முகூர்த்த நேரத்துல போங்க!

முதல் தடவை காலை 11 மணிக்குப் போனோம். இளநீர் குடுத்தாங்க, புல்வெளியைக் காட்டினாங்க. எல்லாமே சூப்பர்! அடுத்த வாரம் ராத்திரி அங்கேயே தங்கி, காலை 5 மணிக்குப் போய் நின்னேன். அடிச்ச காத்துல தீக்குச்சியே நிக்கலை. குத்துவிளக்கும் ஹோமமும் எப்படி நிக்கும்?

இன்னொரு மேட்டர். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள்படி, ராத்திரி 10 மணியில இருந்து காலை 6 மணி வரைக்கும் திறந்தவெளியில ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. வாத்தியங்களுக்கும் இதே கதைதான். 5 மணி முகூர்த்தம்னா புல்வெளியில கெட்டிமேளம் கொட்ட முடியாது! மூடின ஹாலுக்குள்ள போகணும், இல்லேன்னா 6 மணிக்கு மேல முகூர்த்தம் பார்க்கணும்.

மாசத்தையும் மறக்காதீங்க. ஆடியிலயும் மார்கழியிலயும் முகூர்த்தம் இல்லாததால போய்ப் பார்க்க ஈஸி. ஆனா, ஐப்பசி, கார்த்திகையில கல்யாணம்னா அது வடகிழக்குப் பருவமழை சீஸன். ''மழை வந்தா எந்த ஹால்? அதுக்குத் தனி வாடகையா?''ன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

செட்டிநாட்டுல ஒரு பாடம்

அடுத்த ட்ரிப், பல்லவன் எக்ஸ்பிரஸ்ல காரைக்குடி. அங்கேருந்து கானாடுகாத்தான். வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது! பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடித் தரை... வாயைப் பிளந்துட்டு நின்னேன். ஆனா, என்னைக் கவர்ந்தது அழகு இல்ல, பிளான். வந்தவங்க உட்காரத் திண்ணை, சடங்குக்கு வளவு, பின்னாடி பந்தி, கடைசியில சமையல்கட்டு. குடும்ப விசேஷம் நடக்கணும்னு யோசிச்சே கட்டியிருக்காங்க!

இப்போ சில வீடுகள் ஹோட்டலா மாறியிருக்கு. அறைகள்தான் கம்மி. மிச்ச சொந்தக்காரங்களை காரைக்குடியில தங்கவெச்சு வேன் விடணும். வேனுக்கும் ரூமுக்கும் கணக்குப் போட்டதும் அப்பாவுக்கு வேர்த்துடுச்சு. காரைக்குடி கட்!

பாட்டி டெஸ்ட்!

மறுபடி ஈ.சி.ஆர். இந்தத் தடவை பாட்டியும் கூட வந்தாங்க. கார் நின்ன இடத்துல இருந்து 22 படி, அப்புறம் மணல். பாட்டி நாலாவது படியிலேயே உட்கார்ந்துட்டாங்க. ''நான் இங்கேருந்தே பார்த்துக்கறேன்டா கண்ணு... நீங்க போங்க.'' அக்கா முகம் சுருங்கிப்போச்சு.

அன்னிக்கு ராத்திரி அப்பா லிஸ்ட்டை எடுத்தார். மொத்தம் 600 பேர். புல்வெளியில 150 பேருக்குத்தான் இடம். பென்சிலால அடிக்க ஆரம்பிச்சார். முதல்ல அடிச்சது யாரைத் தெரியுமா? தன்னோட ஃப்ரெண்ட்ஸை! அக்காவுக்கு ஃபீஸ் கட்டப் பணம் இல்லாதப்போ ராத்திரியோட ராத்திரியா புரட்டிக் குடுத்தவங்க. ''அவங்க தப்பா நினைக்க மாட்டாங்கம்மா''ன்னார். அக்கா எதுவும் பேசலை. பென்சிலை மட்டும் வாங்கி வெச்சுக்கிட்டா.

மறுநாள் மூணாவதா ஒரு இடம் பார்த்தோம். பீச் புல்வெளி கிடையாது. சாதாரண ஹால்தான். ஆனா, கார் வாசல் வரைக்கும் போகுது, படியே இல்லை. மாடியில நின்னா கடல் தெரியுது. 400 பேர் தாங்கும். ஏழரை மணி முகூர்த்தம். அக்காவே பேனாவை எடுத்து லிஸ்ட் எழுதினா. முதல் பேர் பாட்டி. அடுத்தது அப்பாவோட ஃப்ரெண்ட்ஸ். கடலோரத்துல சூரிய உதயத்தோட போட்டோ... அதை மாப்பிள்ளையும் அவளும் மட்டும் 6 மணிக்கே போய் எடுத்துக்குவாங்களாம்!

கிளம்பும்போது கையில இருக்கட்டும்...

* ஒரு இலைக்கு எவ்வளவு? வரி சேர்த்தா, தனியா?

* வெளியில இருந்து சமையல்காரர், மேடை அலங்காரம் கொண்டு வரலாமா? அதுக்குக் கட்டணம் உண்டா?

* ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா? ஏ.சி. ஹால்ல புகை அலாரம் அடிக்குமா?

* ஹோட்டல்கள்ல பெரும்பாலும் மதியம்தான் ரூம் குடுப்பாங்க, மறுநாள் மதியத்துக்குள்ள காலி பண்ணணும். முந்தின நாள் விடிகாலையில வர்றவங்களுக்கு என்ன ஏற்பாடு?

* எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்? மாமல்லபுரத்துல ரயில்வே ஸ்டேஷன் கிடையாது. செங்கல்பட்டுல இறங்கி பஸ் பிடிக்கணும்.

* தேதி மாறினா அட்வான்ஸ் திரும்ப வருமா? வாய் வார்த்தை வேண்டாம், எழுத்துல வேணும்.

எல்லாத்தையும் விட முக்கியம்... நடக்கவே கஷ்டப்படற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. மேனேஜர் சொல்லாததை அவங்க முழங்கால் சொல்லும்!

சரி, டைரக்டர் சீட் என்னாச்சுன்னு கேக்கறீங்களா? பஸ் இன்சார்ஜ் நான்தான். விடிகாலை 4 மணிக்கு அப்பாவோட ஃப்ரெண்ட்ஸை எல்லாம் ஏத்திட்டு வரணும். வந்து இறங்கினதும் வாசல்ல நின்னு... வேற என்ன, பன்னீர்தான்!